கொழும்பின் மேகமும் வன்னியின் வயலும்: கோடைகால வானிலை எதிர்வுகூறலை விளங்கிக்கொள்ளல்

லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில், மேற்கே மேகம் எழும்பக் கண்டதும் மழை வருமென்றும், தெற்கிலிருந்து காற்று வீசக் கண்டதும் வெக்கை வருமென்றும் சொல்லுகின்ற மக்களைப் பற்றி ஆண்டவர் பேசுகின்றார். அவர்களுடைய கணிப்பில் பிழையில்லை. பலஸ்தீன நாட்டுக்கு மேற்கே கடலும் தெற்கே பாலைவனமும் இருக்கின்றன. வெள்ளவத்தைக் கடற்கரையில் நிற்பவருக்கும் மேற்கே எழும் மேகம் மழை மேகந்தான். ஆனால் முல்லைத்தீவிலோ மட்டக்களப்பிலோ வயல் வைத்திருப்பவர் இதே அடையாளத்தை நம்பினால் ஏமாந்து போவார். அங்கே கடல் இருப்பது கிழக்கே. மேற்கிலிருந்து வருவது கச்சான் காற்று. அது மழையைக் கொண்டு வராது, வயலில் நிற்கும் ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போகும்.

இதை இப்பக்கங்களில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், அதன் பின்னர் 2009 வரை வன்னி, மன்னார், திருகோணமலை, மட்டக்களப்புப் பகுதிகளிலிருந்தும் இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களிற் பல, கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாடகை அறைகளில் வந்து தங்கின. சில குடும்பங்கள் திரும்பிப் போய்விட்டன. சில குடும்பங்களின் காணி இன்னும் கைக்கு வரவில்லை. வேறு சில, பிள்ளைகளின் படிப்புக்காக ஒரு கால் இங்கும், கமத்துக்காக ஒரு கால் ஊரிலுமாக வாழ்கின்றன. ஊரில் நிற்கும் தம்பிக்கு அல்லது மைத்துனருக்குத் தொலைபேசியில், "இங்கே நல்ல மழை, எள்ளு விதைக்கலாம்" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. விதைக்கும் உழவுக்கும் காசு அனுப்புவதும் நிறுத்துவதும் கொழும்பின் வானத்தைப் பார்த்து நடந்தால், நட்டம் ஊரிலேதான் விழும்.

2016ஆம், 2017ஆம் ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பக்கமெல்லாம் வெள்ளத்தில் மூழ்கியது. அரநாயக்கவில் மலை சரிந்தது. அதே ஆண்டின் இறுதியில் வடக்கிலும் கிழக்கிலும் வரவேண்டிய மாரி மழை பொய்த்தது, 2016/17 காலபோகம் பெருமளவு கெட்டது, குளங்கள் நிரம்பவில்லை. 2017 மே மாதக் கடைசியில் களுத்துறை, இரத்தினபுரி, மாத்தறை மாவட்டங்களில் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த வாரங்களில் வடக்கிலும் கிழக்கிலும் மக்கள் குடிதண்ணீருக்கு பவுசர் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலங்கை சிறிய தீவுதான். ஆனால் ஒரே வாரத்தில் ஒரு கரையில் வெள்ளமும் மறு கரையில் வரட்சியும் அதற்குப் புதிதல்ல.

நான்கு பருவங்கள்

நமது வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டை நான்காகப் பிரிக்கின்றது. மார்ச், ஏப்ரல் மாதங்கள் முதலாவது இடைப்பருவம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. ஒக்டோபர், நவம்பர் இரண்டாவது இடைப்பருவம். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. கோடை என்று நாம் பொதுவாகச் சொல்வது முதல் இரண்டும்தான். ஆனால் அவை ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டவை. முதலாவது இடி மின்னலின் காலம். இரண்டாவது, நம்முடைய பக்கத்தில், காற்றும் வரட்சியும் நெருப்பும் புகையும் சேர்ந்த காலம்.

தென்மேற்குக் காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகின்றது. அது மலைநாட்டின் மேற்குச் சரிவில் மேலேற வேண்டியுள்ளது. மேலேறும் காற்று குளிர்கின்றது. குளிர்ந்த காற்றால் ஈரத்தைத் தாங்க இயலாது. எனவே கினிகத்தேனை, வட்டவளைப் பக்கத்தில் மழையாகக் கொட்டிவிடுகின்றது. மலையின் மறுபக்கம் இறங்கும்போது அக்காற்று வெறுங்கையோடு இறங்குகின்றது. ஈரக் காற்று ஏறும்போது 1000 மீற்றருக்கு ஏறத்தாழ 6 பாகைதான் குளிரும். ஈரமிழந்த காற்று இறங்கும்போதோ 1000 மீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை சூடாகும். ஆகையால் புறப்பட்ட போது இருந்ததைவிட அதிக வெக்கையோடு அது மட்டக்களப்பு வயலுக்கு வந்து சேருகின்றது. இதுவே கச்சான். (இதே பெயரில் நாம் கொறிக்கும் கடலையும் இருப்பதால் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது சிரிப்பார்கள்.)

யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கதை சற்று வேறு. அங்கே காற்றை மேலே தூக்கி மழையாக்க மலையில்லை. சோளகம் சமதரையைத் தடவிக்கொண்டு, புழுதியை வாரிக்கொண்டு போய்விடுகின்றது. கொழும்புக்கு ஆண்டொன்றில் ஏறத்தாழ 2400 மில்லிமீற்றர் மழை; யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 1250. அந்த 1250இல் பெரும் பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மூன்று மாதங்களில் வந்துவிடும். சிறுபோகத்துக்கு இரணைமடுவில் நிற்கும் தண்ணீர் கடந்த மாரியில் விழுந்த தண்ணீர். மே மாதம் கொட்டாஞ்சேனைத் தெருவில் முழங்கால் அளவு வெள்ளம் நின்றாலும் இரணைமடு ஓர் அங்குலம்கூட உயராது.

ஒரு விலக்கு உண்டு. மகாவலி கங்கை மலைநாட்டில் எழுந்து கொட்டியாரக் குடாவில் கடலைச் சேருகின்றது. அதன் தண்ணீரைப் பெறும் நிலங்களுக்குத் தென்மேற்கு மழையின் பங்கு ஆற்று வழியாக வந்து சேரும். மூதூர்ப் பக்கத்தார் இதை அறிவார்கள்.

எதிர்வுகூறலை வாசிப்பது எப்படி?

நாளாந்த அறிவித்தலும் பருவகால எதிர்வுகூறலும் ஒன்றல்ல. "பிற்பகல் 2.00 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை" என்று வானொலி சொல்வது இன்றைக்குரியது. பருவகால எதிர்வுகூறல் வரப்போகும் மூன்று, நான்கு மாதங்களை ஒருசேரப் பார்ப்பது. 2010ஆம் ஆண்டு தொடக்கம் இந்தியா, இலங்கை, வங்காளதேசம், நேபாளம் முதலிய தெற்காசிய நாடுகளின் வானிலை அறிஞர்கள் கூடி, தென்மேற்குப் பருவத்துக்கு முன்னரும் மாரிக்கு முன்னரும் இத்தகைய ஓர் அறிக்கையை வெளியிட்டு வருகின்றனர். கொழும்பு 7, பௌத்தாலோக்க மாவத்தையிலுள்ள வளிமண்டலவியல் திணைக்களம் அதனை இலங்கைக்கென விரித்து வெளியிடுகின்றது.

அதில் வரும் சொற்கள் மூன்று: இயல்பிலும் கூட, இயல்பு, இயல்பிலும் குறைவு. இவை எங்கிருந்து வந்தன? ஓரிடத்தின் 30 ஆண்டு மழைக் கணக்கை எடுங்கள். மழை குறைந்த ஆண்டிலிருந்து கூடிய ஆண்டு வரை வரிசையாக வையுங்கள். முதற் பத்து ஆண்டுகள் குறைவு, நடுப்பத்து இயல்பு, கடைசிப் பத்து கூட. எதையுமே அறியாதவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் ஒவ்வொன்றுக்கும் மூன்றிலொரு பங்கு, அதாவது 33 வீத வாய்ப்பு உண்டு. இப்போது எதிர்வுகூறல், "இயல்பிலும் குறைவாக மழை பெய்ய 45 வீத வாய்ப்பு" என்று சொன்னால் அதன் பொருள் என்ன? இப்படிப்பட்ட அறிகுறிகளோடு வரும் இருபது பருவங்களில் ஒன்பது வரண்டவையாக இருக்கும். மற்றப் பதினொன்று அப்படியிராது. "திணைக்களம் மழை இல்லை என்று சொன்னது, ஆனால் பெய்துவிட்டதே" என்று பழி சொல்வதில் நியாயமில்லை. அவர்கள் இல்லை என்று சொல்லவில்லை.

இதில் மறைந்திருக்கும் இன்னொரு பொறி, "இயல்பு" என்ற சொல். ஜூன் மாதத்தில் மன்னாருக்கு "இயல்பான மழை" என்றால் அது அநேகமாக மழையில்லை என்றே பொருள்; அந்த மாதத்தில் மன்னாரின் இயல்பே அதுதான். கொழும்புக்கு இயல்பு என்றால் குடையில்லாமல் வெளியே போக முடியாது. செய்தித்தாளில் "நாடு முழுவதும் இயல்பான தென்மேற்குப் பருவமழை" என்று பெரிய எழுத்தில் வந்தால், உங்கள் மாவட்டத்துக்கு அது எத்தனை மில்லிமீற்றர் என்று கேளுங்கள். கமநல சேவை நிலையத்தில் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

எல் நினோ என்ற பெயரையும் அடிக்கடி கேட்கின்றோம். பசுபிக் சமுத்திரத்தின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழமைக்கு மேல் சூடாவதை அப்படிச் சொல்கின்றார்கள். இந்தியச் செய்திகளைக் கேட்டு, எல் நினோ என்றாலே வரட்சிதான் என்று நாமும் எண்ணப் பழகிவிட்டோம். இந்தியாவுக்கு முக்கியம் தென்மேற்கு மழை. எல் நினோ அதைப் பல தடவை பலவீனப்படுத்துகின்றது. நமது காலபோகத்துக்கு முக்கியம் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மழை. எல் நினோ ஆண்டுகளில் இம்மழை பெரும்பாலும் கூடுகின்றது. அதன் பின் ஜனவரி முதல் மார்ச் வரை குறையும் போக்கும் உண்டு. எனவே எல் நினோ என்று கேட்டவுடன் காலபோகத்தைக் கைவிட வேண்டியதில்லை. பின்மாரி குறையலாம் என்பதை மனதில் வைத்து, விரைவில் விளையும் நெல்லினத்தைத் தெரிவுசெய்வதைப் பற்றி விவசாயப் போதனாசிரியரிடம் பேசுவது நல்லது.

சிறுபோகத்துக்கான என் அபிப்பிராயம் இது: குளத்தின் கீழ் உள்ளவர்கள் எதிர்வுகூறலைவிடக் குளத்தின் நீர்மட்டத்தையும் சிறுபோகக் கூட்டத்தின் தீர்மானத்தையும் முதலில் பார்க்கட்டும். மேட்டுநிலத்தில் எள்ளு, பயறு, கௌபி போடுகிறவர்களுக்குத்தான் சித்திரை மழை பற்றிய எதிர்வுகூறல் உயிரானது. குறைவு என்று வந்தால் காணி முழுவதையும் ஒரே நாளில் விதைக்காமல் பாதியை விதைத்து, பாதி விதையைக் கையில் வைத்திருப்பது கடன் வாங்கிக் கமம் செய்பவருக்குப் பாதுகாப்பு.

இடியும் மின்னலும்

மார்ச், ஏப்ரலில் காற்று ஓய்ந்திருக்கும். காலை வெயிலில் தரை கொதிக்கும். சூடேறிய ஈரக் காற்று நேரே மேலெழும்பும். கடற்காற்று உள்ளே வந்து அதற்கு மேலும் ஈரத்தைக் கொடுக்கும். பிற்பகலில் 12, 15 கிலோமீற்றர் உயரமான கருமுகில் எழுந்து நிற்கும். அதற்குள் பனித்துகள்கள் மோதி மின்னேற்றம் பிரிகின்றது. அது தரைக்கு இறங்குவதே மின்னல். அந்த வழியிலுள்ள காற்று 30,000 பாகை அளவுக்குச் சூடாகி வெடித்து விரிவதே இடி. மே மாதத்தின் பருவமழை தொடங்கியபின் கொழும்பில் நாள் முழுக்கப் பெய்தாலும் இடி குறைவாயிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த முகில் வேறு வகை.

மின்னலால் இறப்பவர்களில் வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்பவர்களே அதிகம். எனவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீற்றர் வர மூன்று விநாடி எடுக்கும். 30 எண்ணுமுன் இடி கேட்டால் முகில் 10 கிலோமீற்றருக்குள் நிற்கின்றது. அடுத்த மின்னல் உங்கள் தலைக்கு மேலேயே இருக்கலாம். மழை தொடங்கவில்லையே என்று நிற்கக்கூடாது. கடைசி இடி கேட்டபின் 30 நிமிடம் கழியும் வரை வயலுக்குத் திரும்பக்கூடாது.

சீமெந்து வீடு, பாடசாலை, கோவில், மூடிய பஸ் வண்டி ஆகியவை பாதுகாப்பானவை. காவற்கொட்டில், பரண், திறந்த உழவு இயந்திரம் ஆகியவை பாதுகாப்பல்ல. தனித்து நிற்கும் பனையும் தென்னையும் மிகவும் ஆபத்தானவை. இறப்பர் செருப்புப் போட்டிருந்தால் மின்னல் தாக்காது என்பது வெறும் கதை. கிலோமீற்றர் கணக்கில் காற்றைப் பிளந்து வந்த மின்னலுக்கு அரை அங்குல இறப்பர் ஒரு தடையல்ல. ஒதுங்க இடமில்லாத வெளியில் அகப்பட்டால் பாதங்களை ஒன்றாகச் சேர்த்துக் குந்தியிருங்கள், படுக்க வேண்டாம். தரையில் பரவும் மின்சாரம் ஒரு காலால் ஏறி மறு காலால் இறங்கும். மாடுகள் கூட்டமாகச் சாவது இதனால்தான். முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம். மேகம் கறுக்கும்போது பட்டியை மரத்தின் கீழிருந்தும் முட்கம்பி வேலியருகிலிருந்தும் அப்பால் கொண்டுபோங்கள்.

கொழும்பில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். மாடிவீட்டு மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போட்டிருக்கும் கம்பியை அவிழ்க்க இடிவேளையில் ஓடவேண்டாம். தொலைக்காட்சியின் அன்ரனா வயரையும் மின்வயரையும் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது; தொடலாம். மூச்சு நின்றிருந்தால் உடனே செயற்கைச் சுவாசமும் நெஞ்சமுக்கமும் கொடுத்தபடி 1990 அம்புலன்ஸை அழையுங்கள். இறந்துவிட்டார் என்று விட்டுவிடப்பட்டவர்கள் இதனால் பிழைத்திருக்கின்றார்கள்.

எங்கிருந்தோ வரும் புகை

2022 டிசெம்பர் 8ஆம், 9ஆம் திகதிகளில் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வானம் மங்கிப் போயிருந்தது பலருக்கு ஞாபகமிருக்கும். வங்காள விரிகுடாவில் மண்டூஸ் புயல் நின்றபோது, அதன் சுழற்சி இந்தியாவின் மாசடைந்த காற்றை இழுத்துவந்து நம்மேல் போட்டது. 9ஆம் திகதி நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. அதே நாட்களில் வந்த கடுங்குளிரால் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் இறந்தன. 2021 மே மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது வந்த கரும்புகை வேறு வகை. அதில் இரசாயனம் கலந்திருந்தது.

கோடையின் வழமையான புகை இவ்விரண்டும் அல்ல. பெப்ரவரி, மார்ச்சிலும் பின்னர் ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலும் பதுளை, மொனராகலைப் பக்கத்துப் புல்மலைகள் எரிகின்றன. வடக்கில் காய்ந்த புற்றரையும் பனந்தோப்புகளும் எரிகின்றன. நமது நாட்டில் இந்நெருப்புகள் அநேகமாகத் தாமாகப் பற்றுவதில்லை. மேய்ச்சலுக்கோ, வேட்டைக்கோ, காணி துப்புரவாக்கவோ மனிதர் மூட்டியவை கைமீறிப் போகின்றன. 1997இலும் 2015இலும் எல் நினோ வரட்சியின்போது இந்தோனேசியாவில் காணி துப்புரவாக்க மூட்டிய நெருப்பின் புகை சிங்கப்பூர், மலேசியாவையும் தாண்டிப் பரவியது. ஆரம்பம் அங்கும் ஒரு தீக்குச்சிதான்.

புகையில் கண்ணுக்குத் தெரியும் சாம்பல் அவ்வளவு கெடுதியல்ல. நமது தலைமயிரின் தடிப்பில் முப்பதிலொரு பங்கு அளவான நுண்துகள்களே சுவாசப்பையின் அடிவரை போய்த் தங்குகின்றன. முகத்தில் ஈரத்துணி கட்டினால் சாம்பல் நிற்கும், நுண்துகள் நிற்காது. அதற்கு கொரோனாக் காலத்தில் பழகிய என்-95 முகக்கவசம் தேவை. தொய்வு நோயுள்ளவர், கைக்குழந்தை, கர்ப்பிணித் தாய், முதியோர் ஆகியோரைப் புகை வரும் திசைக்கு எதிர்ப்புற அறையில் இருத்தி, அந்த நேரத்தில் அடுப்புப் புகையையும் குறைக்க வேண்டும். கொட்டாஞ்சேனையின் ஒற்றை அறைகளில் சமையலும் படுக்கையும் ஒன்றாயிருப்பதால் இது இலகுவல்ல என்பது தெரியும். வெளியே புகை குறையும் வேளையில் சமைத்து, யன்னலைத் திறந்துவிடுவதே அங்கே செய்யக்கூடியது. ஊரில் கிணற்றை மூடிவையுங்கள்.

பற்றைக்கு நெருப்பு வைக்குமுன்

பல ஆண்டுகளின் பின் காணிக்குத் திரும்புகிறவரின் முதல் வேலை பற்றை வெட்டுவது. இரண்டாவது வேலை அதற்கு நெருப்பு வைப்பது. வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பள்ளி விடுமுறைக்குப் போகும் குடும்பங்கள் இதை ஓகஸ்ட் மாதத்திலேயே செய்கின்றன. ஆண்டின் மிக மோசமான நேரம் அது. சோளகம் பலமாக அடிக்கும், புல் சருகாயிருக்கும், பகல் பத்து மணிக்கு மூட்டிய நெருப்பு நண்பகலில் அடுத்தவன் வேலியில் நிற்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து மண்ணுக்குள் இருக்கின்றது. மிதிவெடி அகற்றும் வேலை முகமாலை போன்ற இடங்களில் நீண்ட காலம் நடந்தது. இலங்கை 2017 டிசெம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. ஆயினும் போர் நடந்த நிலங்களில் வெடிக்காத செல்களும் குண்டுகளும் இன்னும் கிடைக்கின்றன. சூடு அவற்றை வெடிக்கச் செய்யும். குப்பைக்கு மூட்டிய நெருப்பில் வெடிபொருள் வெடித்துக் காயப்பட்டவர்களின் செய்திகள் பல தடவை வந்திருக்கின்றன. காணி துப்புரவானதாகப் பதியப்பட்டதா என்று பிரதேச செயலகத்தில் கேட்டறியாமல் நெருப்பு வைக்காதீர்கள். பழைய பதுங்குகுழி, மண் அணை, தூர்ந்த கிணறு ஆகியவற்றின் அருகே ஒருபோதும் வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், இடத்தை அடையாளமிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ சொல்லுங்கள்.

இன்னுமொன்று. மக்கள் இல்லாத ஆண்டுகளில் காடாகிவிட்ட சில காணிகளில் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கற்கள் நிற்கின்றன. அதைப் பற்றிய முறைப்பாடு நியாயமானதாயிருக்கலாம். ஆனால் கல் நிற்கும் காணிக்கு நெருப்பு வைத்தால் உறுதி கையிலிருப்பவர்மேலும் வழக்கு வரும். முதலில் உறுதியோடு பிரதேச செயலகம் போங்கள்.

வெட்டிய பற்றையை எரிக்காமல் சிறிதாக நறுக்கி, தென்னைக்கும் வாழைக்கும் அடியில் மூடாக்காகப் போடலாம். சாணத்தோடு அடுக்கிக் கூட்டெரு ஆக்கலாம். கறையான் வரும் என்று சிலர் தயங்குவார்கள். மரத்தின் அடியிலிருந்து ஓர் அடி விட்டுப் போட்டால் அந்தத் தொல்லை குறையும். எரித்தே ஆகவேண்டுமென்றால் முதல் மழைக்குப் பின், காற்று ஓய்ந்த அதிகாலையில், சுற்றிவர பத்தடி அகலத்துக்கு மண்ணைச் செருக்கி, தண்ணீரோடு இருவர் நிற்க, சிறு சிறு குவியலாக எரியுங்கள்.

கைமீறினால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஆம் இலக்கத்துக்குத் தமிழில் பேசலாம். மாரிக்கான எதிர்வுகூறல் செப்டெம்பர் மாதக் கடைசியளவில் வெளியாகும். புழுதி விதைப்புச் செய்பவர்கள் அதற்கு முன்னரே உழவைத் தொடங்கியிருப்பார்கள். அவர்கள் உழுதுவிட்டு, விதையை மூட்டையிலேயே வைத்துக்கொண்டு, கமநல சேவை நிலையத்தில் அந்த அறிக்கையைக் கேட்டபின் விதைப்பு நாளைத் தீர்மானிக்கலாம்.